வாயில் வழிந்த சாயம்

என் அக்கா மகனுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று கட்டுப்பல். சிரித்தால் மற்ற பற்களைவிட அது மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். தொப்பம்பட்டியில் யாரைக் கேட்டாலும் பொங்கல் கபடியில் போன பல் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பதினாறு வருடமாக நான் வைத்திருக்கிறேன். அந்தப் பல் போனதற்கு நான் எழுதிய நூற்றைம்பது வார்த்தைகளும் காரணம்.

2009-இல் ஒரு நாளிதழின் திண்டுக்கல் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது அல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருப்பேன். நத்தத்தில் மாம்பழ விலை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வரத்து, பழனியில் பக்தர் கூட்டம், பைக் மோதி ஒருவர் பலி. நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தில் ஏற்றுவதுதான் வேலை. அது போக வாரத்துக்கு ஒருநாள் வரும் மாணவர் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி என் தலையில் விழுந்தது. படத்தோடு நூற்றைம்பது வார்த்தை. தன்னம்பிக்கை வரவேண்டும், அவ்வளவுதான் உத்தரவு.

முதல் ஆறு மாதம் பிரச்சினை இல்லை. பேப்பர் போட்ட கலாம், பார்வையில்லாத ஹெலன் கெல்லர், பல்பு எரியாத எடிசன். அடுத்த ஆறு மாதம் இதே ஆட்கள் வேறு தலைப்பில் வந்தார்கள். எடிசன் மட்டும் மூன்று தடவை வந்தார். ஒருமுறை அவருடைய பல்பு ஆயிரம் தடவை அணைந்தது, இன்னொரு முறை பத்தாயிரம் தடவை. எது சரி என்று நான் பார்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்காத இடத்தில் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்தப் பெட்டியில்தான் கற்றுக்கொண்டேன்.

ரக்பி எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். விளையாட்டுப் பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். ஆனால் சில ராத்திரி விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் விலகிவிடும், நாலு அங்குலம் காலியாக நிற்கும். அப்போது செய்தி நிறுவனம் அனுப்பிய ஆங்கிலக் குவியலில் யாரும் தொடாததை எடுத்து நாலு அங்குலத்துக்கு வெட்டி ஒட்டுவேன். யாரும் தொடாதது பெரும்பாலும் ரக்பி. அந்த விளையாட்டை நான் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. பந்து முட்டை வடிவில் இருக்கும் என்பது ஒன்றுதான் தெரியும்.

பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் பதித்தால் அதற்குப் பெயர் 'ட்ரை', ஐந்து புள்ளி. நான் 'முயற்சி' என்று போட்டேன். 'லெய்செஸ்டர் அணி மூன்று முயற்சிகள் செய்து வென்றது' என்று அச்சாகி வந்தது. மூன்றாவது முயற்சியில் வென்றார்கள் என்று படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். மஞ்சள் அட்டை வாங்கியவர் பத்து நிமிடம் வெளியே உட்காரும் இடத்தை ஆங்கிலத்தில் கேலியாகப் பாவத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்; நான் அவரைப் 'பாவக் கூடையில்' உட்கார வைத்தேன். முன்வரிசையின் நடுவில் நிற்பவரை ஹூக்கர் என்பார்கள். அகராதியைப் புரட்டினால் குடும்பப் பத்திரிகையில் போட முடியாத அர்த்தம் வந்தது. 'கொக்கிக்காரர்' என்று எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இதில் ஒரு வேடிக்கை பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் பதித்தால் புள்ளியே கிடையாதாம். கம்பத்துக்கு மேலே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, ஒரு முயற்சி, அதுதான் கிடைக்குமாம். பெயர் வந்தது அப்படி. விஷயம் தெரியாமல் நான் போட்ட வார்த்தைகளில் அது ஒன்றுதான் சரி.

நம் நாட்டுக்கும் அந்த விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்ததும் தப்பு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1870-களில் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். வெயிலில் அது தாக்குப்பிடிக்கவில்லை. கிளப்பைக் கலைக்கும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடியில் யானை. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் மோதுகின்றன. இதையெல்லாம் அப்போதே தேடிப் படித்திருந்தால் நல்ல பெட்டிச் செய்தி ஆகியிருக்கும். படிக்கவில்லை.

2009 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் அப்போது மோதிய ஹைனெகன் கோப்பையின் காலிறுதி லண்டனில் நடந்தது. இங்கிலாந்தின் ஹார்லெக்வின்ஸ், அயர்லாந்தின் லீன்ஸ்டர். லீன்ஸ்டரின் ஆறு புள்ளியும் பெனால்டி உதைகளில் வந்தது. ஹார்லெக்வின்ஸுக்கு மைக் பிரவுன் போட்ட ஒரே ட்ரை, ஐந்து புள்ளி. அதற்குப் பிறகான கூடுதல் உதை தவறிவிட்டது. 6-5. அதே ஸ்கோரில் ஆட்டம் முடிந்தது, லீன்ஸ்டர் ஜெயித்தது. செய்தி அவ்வளவுதான். அடுத்த வாரம் தென்னாப்பிரிக்காவில் ஐ.பி.எல். தொடங்க இருந்தது, இங்கே தேர்தல் சூடு. இந்த 6-5 திண்டுக்கல்லில் யாருக்கு வேண்டும்?

ஆனால் செய்தியோடு ஒரு படம் இருந்தது. வாயிலிருந்து சிவப்பாக வழிய ஒரு வீரர் மைதானத்தை விட்டு வெளியே வருகிறார். பெயர் டாம் வில்லியம்ஸ். விங்கர். மாணவர் பக்கத்துப் பெட்டி அந்த வாரம் காலியாக இருந்தது.

கலரில் வரும் பக்கம் அது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் அமைந்துவிட்டது. என்ன எழுதினேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. உதடு கிழிகிறது. வெளியே வரச் சொல்லி டாக்டர் கூப்பிடுகிறார். வில்லியம்ஸ் மறுக்கிறார். ரத்தம் வழிய வழிய ஆடுகிறார். கடைசியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அப்போதும் அவர் முகத்தில் புன்னகை. அவர் வாயில் ஒரு வசனத்தையும் வைத்தேன். அந்த வசனத்தை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. ஒருதடவை அச்சானதே போதும். கீழே மாணவர்களுக்கு ஒரு வரி: தோற்றாலும் களத்தை விட்டு வெளியேறாதவனே வீரன்.

படத்தின் கீழே செய்தி நிறுவனம் கொடுத்திருந்த வரி, வில்லியம்ஸ் வெளியேறுகிறார் என்பது மட்டும். வெளியேறுகிற மனிதனின் படத்தைப் போட்டு, வெளியேறாதே என்று எழுதினேன். பிழை திருத்துபவர் 'புன்னகை'க்கு ஒரு ன் விட்டுப்போயிருந்ததைச் சேர்த்துக் கொடுத்தார். அதைத் தவிரப் பெட்டியில் பிழை ஒன்றுமில்லை.

நடந்தது வேறு. ஹார்லெக்வின்ஸ் அணியின் உதை நிபுணர் நிக் எவன்ஸ் காலில் அடிபட்டு முன்பே வெளியே போயிருந்தார். ரக்பியில் மாற்றப்பட்டு வெளியே போனவர் திரும்ப வர முடியாது. ரத்தக் காயத்துக்கு விதிவிலக்கு உண்டு. யாருக்காவது ரத்தம் வந்தால் அவருக்குக் கட்டுப் போடும் வரை, வெளியே போனவரே பதிலாக உள்ளே வரலாம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அணியின் பிசியோதெரபிஸ்ட் ஸ்டெஃப் பிரென்னன், வில்லியம்ஸிடம் ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்தார். உள்ளே சிவப்புச் சாயம். வேடிக்கைப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியது. வில்லியம்ஸ் அதை வாயில் போட்டுக் கடித்தார். எவன்ஸ் உள்ளே வந்தார். அவர் உதைத்த டிராப் கோல் கம்பத்துக்கு வெளியே போனது. அவ்வளவு செய்தும் தோல்விதான்.

வெளியே நடந்து வரும்போது வில்லியம்ஸ் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார். கேமரா அதைப் பிடித்துவிட்டது. நான் கற்பனையில் அவர் முகத்தில் புன்னகையை வரைந்தேன். அவர் நிஜமாகவே கண்ணைச் சிமிட்டியிருக்கிறார். பொய் சொல்பவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை எங்கிருந்து வருகிறதோ.

லீன்ஸ்டர்காரர்களுக்கு அங்கேயே சந்தேகம். காயத்தைக் காட்டு என்று கேட்டால் என்ன செய்வது? உடைமாற்றும் அறையில், வில்லியம்ஸ் கேட்டுக்கொண்டபடி, கிளப்பின் டாக்டர் கத்தியால் அவர் உதட்டைக் கீறினார். சாயத்துக்குச் சாட்சியாக ரத்தம். இந்த ஒரு காட்சியை மட்டும் இத்தனை வருடத்தில் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஏமாற்றியதுகூட இல்லை, ஏமாற்றியதை மறைக்க ஒரு நிஜக் காயம் தேவைப்பட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அது லண்டனில் ஆகிவிட்டது. தொப்பம்பட்டியில் ஆக ஒன்பது மாதம் பிடித்தது.

அதற்கு முன் அந்த சீசனைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். எனக்கு நிஜமான கதை வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருந்தால் போதும். மே 2-ஆம் தேதி டப்ளினில் லீன்ஸ்டரும் மன்ஸ்டரும் மோதிய அரையிறுதிக்கு 82,208 பேர் வந்தார்கள். ஒரு கிளப் ரக்பி ஆட்டத்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மறுநாள் கார்டிஃபில் இன்னொரு அரையிறுதி. லெய்செஸ்டரும் கார்டிஃபும் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 26-26. முடிவு காண ஒவ்வொருவராக வந்து 22 மீட்டர் கோட்டிலிருந்து கம்பத்துக்கு நேரே உதைக்கவேண்டும். உதைப்பது தொழிலாக உள்ளவர்கள் முடிந்து, அது தங்கள் வேலையே அல்லாத ஆட்களின் முறை வந்தது. கார்டிஃபின் மார்ட்டின் வில்லியம்ஸ் வந்தார். இவரும் வில்லியம்ஸ்தான். ஆனால் பந்தைப் பறிப்பதிலும் ஆளை மடக்குவதிலும் பெயர் வாங்கிய ஃபிளாங்கர். உதைத்தார். தவறியது. அடுத்து லெய்செஸ்டரின் ஜோர்டன் கிரேன் உதைத்து உள்ளே போட, 7-6 என்று இறுதிக்குப் போனார்கள். மே 23 எடின்பரோவில் லீன்ஸ்டர் அவர்களை 19-16 என்று வீழ்த்தி முதல்முறையாகக் கோப்பையை எடுத்தது.

தன் வேலை அல்லாத வேலையை அணிக்காகச் செய்யப்போய், ஊர் பார்க்கத் தோற்று, தலைகுனிந்து நின்ற அந்த வில்லியம்ஸைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருடைய செய்தியும் வந்தது. படமும் வந்தது. தோற்றவன் படம் தன்னம்பிக்கைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டேன். மேலும் ஈழப் போர் முடிந்த அந்த மே மாதம் தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அலுவலகத்தில் யாரும் யாரிடமும் அதிகம் பேசாத நாட்கள் அவை.

ஜூலையில் விசாரணை நடந்தது. வில்லியம்ஸுக்கு 12 மாதத் தடை, கிளப்புக்கு அபராதம். மற்றவர்கள் தப்பித்தார்கள். பையன் தனியாக மாட்டிக்கொண்டான் என்று நம் ஊரில் சொல்வோமே, அப்படி. முழு உண்மையும் வெளியே வராமலிருக்க கிளப் தரப்பிலிருந்து தனக்கு அழுத்தம் வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அவர் மேல்முறையீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையை, கத்தியை, யார் சொல்லி என்பதை. ஆகஸ்ட் 17-இல் தீர்ப்பு. அவருடைய தடை நான்கு மாதமானது. அணியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருடத் தடை. இங்கிலாந்துக்கு ஆடிய பெரிய வீரர், முன்னாள் போலீஸ்காரர். அதற்குள் அவர் பதவியை விட்டுவிட்டிருந்தார். பிரென்னனுக்கு இரண்டு வருடம். கிளப்பின் அபராதம் மூன்று லட்சம் யூரோவானது. இதற்கு முன்னும் நாலு தடவை இதே மாதிரிப் போலி ரத்தம் நடந்திருக்கிறது என்பதும் வெளியே வந்தது.

இந்தச் செய்தி என் கணினித் திரைக்கு வந்தது. ராத்திரி பதினொன்றரை இருக்கும். பெயரைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முழுதும் படித்தேன். ஆங்கிலத்தில் ரக்பிச் செய்தி ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் படித்தது அன்றைக்குத்தான். படித்துவிட்டு அழித்தேன்.

இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்யில்லை, பன்றிக் காய்ச்சல் பக்கம் பக்கமாக ஓடிய நேரம், எல்லோரும் முகமூடி தேடி மருந்துக் கடைகளில் நின்றார்கள். ஆனால் மறுநாள் அதே பக்கத்தில், ஏதோ ஊரில் ரெட்டைத் தலையோடு பிறந்த கன்றுக்குட்டிக்கு மூன்று அங்குலம் கொடுத்தவனும் நான்தான். எங்கள் பத்திரிகையில் தவறு நேர்ந்தால் 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி போடுவது வழக்கம். கல்யாண விளம்பரத்தில் மாப்பிள்ளையின் இனிஷியல் மாறினால்கூடப் போடுவோம். மாணவர் பக்கத்தில் டாம் வில்லியம்ஸுக்காக யார் வந்து கேட்கப்போகிறார்கள்? செய்தி ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், பிறகு வருந்துகிறோம் போடச் சொல்லியிருப்பார். நல்ல மனிதர். அதனால்தான் சொல்லவில்லை.

அக்கா மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி கபடி அணியில் கார்னர். ஒல்லி உடம்பு, ஆனால் கால்பிடியில் விட்டதில்லை. மாமா பேப்பர்ல வேலை என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. பேப்பரில் என் பெயர் எங்கும் வராது. எந்தப் பெட்டி நான் எழுதியது என்று அக்காதான் அவனுக்கு விரல் வைத்துக் காட்டுவாள். வில்லியம்ஸ் வந்த பெட்டியை வெட்டி, கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருந்தான். சித்திரை விடுமுறைக்குப் போனபோது காட்டினான். நான் தலையில் தட்டிக் கொடுத்தேன். அது ஏப்ரல், அப்போது எனக்கு ஆகஸ்ட் தெரியாது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு தொப்பம்பட்டிக்கு மூன்று தடவை போனேன். ஆடிப் பட்டத்து மக்காச்சோளம் அறுவடைக்கு, தீபாவளிக்கு, ஒரு காதுகுத்துக்கு. மூன்று தடவையும் அந்த நோட்டைப் பார்த்தேன். மூன்று தடவையும் வேறு பேச்சுப் பேசினேன்.

2010 பொங்கல். ராத்திரி ஆட்டம், டியூப்லைட் கட்டி, மைக் செட் வைத்து. முதல் பரிசு கிடாயும் கோப்பையும். நான் அன்று ஊரில் இருந்தேன், வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய பையன்கள் அணியில் ஒருவன் வராததால் இவனை இறக்கினார்கள். எதிரணிப் பையன் பாடி வந்தான், இவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அவன் உதறினான். குதிகால் இவன் வாயில் இறங்கியது. எங்களுக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் சத்தம் கேட்டது.

இவன் எழுந்து நின்றபோது கீழுதடு கிழிந்து தொங்கியது. பனியன் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. வெளியே வாடா என்று பயிற்சியாளர் கத்துகிறார், அக்கா ஓடி வருகிறாள். இவன் கையை ஆட்டி வேண்டாம் என்கிறான். தரையில் துப்பினான். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினான். அதில் பல் இருந்தது. மறுபடி போய்க் கார்னரில் நின்றான். மைக்கில் இருந்தவர் 'சிங்கம்யா, சிங்கம்' என்றார், கூட்டம் விசில் அடித்தது. பிறகும் ஏழெட்டு நிமிடம் ஆடினான். அதில் இன்னொரு கால்பிடி போட்டான், அதில் இன்னொரு பல் ஆட்டம் கண்டது. அந்த இரண்டாவது பல் தப்பித்தது, ஆனால் கறுத்துவிட்டது. ஆட்டத்தில் தோற்றார்கள். கிடாய் வேறு ஊருக்குப் போனது.

பழனியில் தையல் போட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டான். வாய் வீங்கிப் பேச வரவில்லை. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினான். 'வில்லியம்ஸ்' என்று. அதைப் படித்ததும் என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூரத்தில் மலைக்கோயில் விளக்கு தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வீங்கிக் கிடக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, ஆறட்டும் என்று நினைத்தேன். ஆறியது. பல் கட்டினார்கள். அந்தச் செலவில் பாதியை நான் கொடுத்தேன். தாய்மாமன் சீர் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள்.

இப்போது அவனுக்கு முப்பது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறான். சாயங்காலம் தொப்பம்பட்டியில் இருபது இருபத்தைந்து பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறான், காசு வாங்காமல். அந்தப் பெட்டியை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறான். புதுப் பையன் சேரும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டி வில்லியம்ஸ் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பானாம். நான் எழுதாத விவரங்களும் அதில் சேர்ந்திருந்தன. ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். என் கதையைவிட நன்றாக இருந்தது.

2025 ஜூனில் மும்பையில் முதல்முறையாக ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. அணிக்கு ஏழு பேர் ஆடும் குட்டி ரக்பி. ஆறு அணிகள், இரண்டு வாரம். சென்னை புல்ஸ் என்று நமக்கும் ஓர் அணி. அந்த அணிதான் இறுதியில் டெல்லியை வென்று முதல் கோப்பையை எடுத்தது. டி.வி.யில் பார்த்த பையன்களுக்கு ஒரே ஆச்சரியம். கபடி மாதிரியே மடக்குகிறார்கள், கபடி மாதிரியே கோட்டைத் தொட உயிரை விடுகிறார்கள், நடுவில் பந்து மட்டும் கூடுதல். வாத்தியாரே, உங்க வில்லியம்ஸ் ஆடுறதைக் காட்டுங்க என்று கேட்டிருக்கிறார்கள். இவன் செல்போனை எடுத்துத் தேடியிருக்கிறான்.

அன்று ராத்திரி போன் வந்தது.

"மாமா, அந்த ஆளு வாயில வந்தது ரத்தம் இல்லையாமே. சாயம் அடைச்ச மாத்திரையாமே."

"எந்த ஆளு?"

"நீங்க பேப்பர்ல எழுதுனீங்களே மாமா. வில்லியம்ஸ்."

இந்த இடத்தில் எனக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு விநாடி இருக்கும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், வேலை போகும் பயம் இல்லை. திட்டுவதற்கு ஆசிரியர் இல்லை. பையன் முப்பது வயது ஆள், சொன்னால் தாங்குவான்.

"அப்படியா? எனக்குத் தெரியாதேப்பா" என்றேன்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்? அந்தக் காலத்துல நெட்டு ஏது" என்று அவனே எனக்காகச் சொன்னான். அப்புறம் தக்காளி விலை பேசினோம்.

2009-இல் என் மேஜையில் நெட் இருந்தது. அது மட்டுமல்ல. இதுவரை எழுதியதில் ஆகஸ்ட்டில்தான் எனக்கு உண்மை தெரிந்தது என்கிற மாதிரி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பப் படித்தால் எனக்கே அப்படித்தான் தொனிக்கிறது. ஆங்கிலச் செய்தியைக் கீழேயிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும், கடைசிப் பத்தி போனால் நஷ்டமில்லை. ஏப்ரல் 13-ஆம் தேதி வந்த அந்தச் செய்தியின் கடைசிப் பத்தியில், அது நிஜமான ரத்தம்தானா என்று லீன்ஸ்டர் தரப்பு கேள்வி எழுப்பியதாக இரண்டு வரி இருந்தது. வெட்டியபோது அதைப் பார்க்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பார்த்தேன். படித்தேன். இது இருந்தால் பெட்டி நிற்காது என்று நினைத்தேன். அப்புறம்தான் வெட்டினேன்.

வில்லியம்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். வேலையும் பெயரும் போகும் என்று தெரிந்தே போய் உட்கார்ந்து சொன்னார். நாலு மாதத்தில். எனக்குப் பதினாறு வருடம். எனக்கு யாரும் தடை விதிக்கவில்லை, ஒரு ரூபாய் அபராதமில்லை, ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு அனுப்பினார்கள்.

இந்த இதழை அவனுக்குத் தபாலில் அனுப்புகிறேன். மாப்ள, போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ திட்டலாம், பேசாமலும் இருக்கலாம், அது உன் இஷ்டம். ஆனால் பையன்கள் கையில் இருக்கும் அந்த லேமினேட்டை வாங்கி, அதன் பின்பக்கத்தில் இதை ஒட்டிவிடு. நூற்றைம்பது வார்த்தை இல்லை, சின்னதுதான்.

திருத்தம்: 2009 ஏப்ரலில் மாணவர் பக்கத்தில் வெளியான குறிப்பில், டாம் வில்லியம்ஸ் என்ற ரக்பி வீரர் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தும் களத்தை விட்டு வெளியேற மறுத்ததாக எழுதப்பட்டிருந்தது. அவர் மறுக்கவில்லை, நடந்தே வெளியேறினார். வழிந்தது ரத்தம் அல்ல, சாயம். அவர் சொன்னதாக வந்த வசனம் அவர் சொன்னது அல்ல. அது ரத்தம்தானா என்ற சந்தேகம் இருந்தது எழுதும்போதே எழுதியவருக்குத் தெரியும். வருந்துகிறேன்.